மண்டபம் முகாமும் ஒரு மீன்தொட்டியும்

இராமேசுவரம் செல்லும் இரயில் வண்டி உச்சிப்புளியைக் கடந்து சற்று நேரத்திற்கெல்லாம் பனங்காடு விலகி, நிலம் ஒடுங்கி, இருபுறமும் கடலின் வாடை வீசத் தொடங்கும். வடக்கே பாக் நீரிணையின் பக்கமுள்ள அமைதியான கடல். தெற்கே மன்னார் வளைகுடா. பயணிகளில் பெரும்பாலோர் அந்நேரம் பாம்பன் பாலத்தைக் காண்பதற்காகச் சன்னலோரம் முண்டியடித்துக்கொண்டிருப்பர். 1914-இல் திறக்கப்பட்டு நூறாண்டுகளுக்கு மேல் உழைத்த பழைய பாலம் ஓய்வு பெற்று, 2025 ஏப்ரலில் திறக்கப்பட்ட புதிய தூக்குப் பாலத்தின் மீது வண்டி இப்போது செல்கிறது. அதனைக் காண ஆவல் கொள்வது இயல்பே. ஆயினும் வாசகர்களே, உங்களில் மீன் வளர்ப்பில் நாட்டமுள்ள பிள்ளைகளைப் பெற்றவர்கள் எவரேனும் இருப்பின், பாலத்துக்கு முன்பாகவே, மண்டபத்தில் இறங்கிவிடுமாறு கேட்டுக்கொள்கிறேன். கண்ணாடித் தொட்டியொன்றை வீட்டில் அமைக்க எண்ணுபவர் முதலில் காண வேண்டிய இடம் அது என்பது என் எண்ணம்.

மண்டபம் முகாம் என்ற பெயரே ஒரு பழங்கதையைச் சொல்லும். இலங்கைத் தேயிலைத் தோட்டங்களுக்குக் கூலி வேலைக்குச் சென்ற இலட்சக்கணக்கான தமிழர்களை, நோய்த் தொற்று இல்லையென்று உறுதி செய்யும்வரை தங்கவைத்து, பின்னர் கப்பலேற்றி அனுப்பிய முகாம் இங்குதான் இருந்தது. 1980-களில் அதே கடலைக் கடந்து எதிர்த்திசையில் வந்த இலங்கைத் தமிழ் அகதிகளுக்கும் இவ்வூரே முதல் தங்குமிடமாயிற்று. இவ்விரண்டு நிகழ்ச்சிகளுக்கும் நடுவில், 1949-இல், மத்திய கடல் மீன்வள ஆராய்ச்சி நிலையம் இங்கு வந்து அமர்ந்தது. நாடு விடுதலை பெற்ற 1947-ஆம் ஆண்டின் பிப்ரவரித் திங்களில் தொடங்கப்பெற்ற அந்நிலையத்திற்கு, 1971-இல் கொச்சிக்கு மாற்றப்படும்வரை மண்டபமே தலைமையிடம். இன்று அதன் வட்டார மையம் இங்கு இயங்கி வருகிறது. கடல்விரால் மீனைத் தொட்டியில் முட்டையிடச் செய்து குஞ்சு வளர்க்கும் முயற்சி 2010-இல் இந்தியாவிலேயே முதன்முறையாக இங்குதான் கைகூடியது.

அலங்கார மீன் ஆர்வலரை ஈர்ப்பவை வேறு. கடற்சாமந்தியின் நச்சுக் கரங்களுக்கிடையே அச்சமின்றி வாழும் கோமாளி மீன்களைத் தொட்டியிலேயே இனப்பெருக்கம் செய்யும் முறையை இந்நிறுவனத்தார் தேர்ந்து கற்றிருக்கின்றனர். ஆணும் பெண்ணுமாய் ஓரிணை. அவை தேர்ந்தெடுத்துச் சுத்தம் செய்த ஓடு அல்லது கல். அதன்மீது வரிசையாய் ஒட்டிய முட்டைகள். அவற்றை விட்டு அகலாமல் செவுள்துடுப்பால் விசிறிக்கொண்டிருக்கும் தந்தை மீன். ஒரு வாரம் கழிந்து ஓர் இருளில் முட்டைகள் பொரியும். கடலில் எடுக்காமல் தொட்டியில் பெருக்குவதால் பவளப் பாறைகளைக் குலைத்து மீன் பிடிக்க வேண்டிய தேவை குறைகிறது. இந்தப் பெற்றோர்ப் பாசத்தை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். சற்றுப் பின்னர் இதே காட்சியை உப்பில்லாத நீரில் நாம் காணப்போகிறோம்.

இனி, மண்டபத்தில் இறங்குமாறு நான் சொன்னதற்கான உண்மைக் காரணத்திற்கு வருகிறேன். உங்கள் சமையலறைக்கு என்றேனும் ஜிலேபி மீன் வந்திருக்கும். ஜிலேபிக் கெண்டை என்றும் சொல்வர். மலிவான மீன், முள் சற்று அதிகம். கண்மாய் வற்றும் காலத்தில் சந்தையில் குவியும். அதன் உண்மைப் பெயர் திலாப்பியா. நம் நாவில் அது ஜிலேபியாகிவிட்டது. ஆப்பிரிக்காவின் கீழ்க்கரை ஆறுகளைத் தாயகமாகக் கொண்ட அம்மீன் 1952-இல் இந்தியாவுக்குள் கொண்டுவரப்பட்டபோது அதனை வரவேற்று வைத்தது இந்த மண்டபம்தான். உப்பு நீரையும் நன்னீரையும் ஒருங்கே தாங்கும் ஆற்றல், விரைந்த வளர்ச்சி, எளிய உணவு ஆகியவற்றால் ஏழை மக்களின் புரதப் பசியைத் தீர்க்கும் என்று நம்பினர். நிலையத்து அறிஞர்கள் பணிக்கரும் தம்பியும் இணைந்து, குஞ்சுகளை வாயில் அடைகாக்கும் இம்மீனைப் பற்றி 1954-இல் ஆராய்ச்சிக் கட்டுரையே வெளியிட்டனர். தாய்மீன் முட்டைகளை வாய்க்குள் வைத்துப் பல நாள் உணவின்றி இருந்து காக்கும். குஞ்சுகள் நீந்தத் தொடங்கிய பின்னும் ஆபத்து வந்தால் மீண்டும் அன்னையின் வாய்க்குள் ஓடி ஒளியும்.

எண்ணம் நல்லெண்ணம். விளைவோ வேறாயிற்று. மூன்று நான்கு மாதங்களிலேயே பருவமடைந்து, ஓய்வின்றிப் பெருகி, இடநெருக்கடியால் விரற்கடை அளவிலேயே நின்றுவிடும் மீன் கூட்டமாக அது மாறியது. 1959-இல் மீன்வள ஆராய்ச்சிக் குழு அதனைப் பரப்பத் தடை விதித்தது. ஆனால் அதற்குள் அது ஊரெல்லாம் போய்ச் சேர்ந்துவிட்டது. வைகை, அமராவதி, பவானிசாகர், கிருஷ்ணகிரி எனத் தமிழகத்து அணைகளில் அது நிலைபெற்றது. வைகை இறுதியில் வந்து சேரும் நம் இராமநாதபுரம் பெரிய கண்மாயிலும் வலை வீசுவோர் அதனையே அள்ளுகின்றனர். நாட்டுக் கெண்டைகளுக்கு இருந்த இடத்தில் எவ்வளவு இம்மீனுக்குப் போயிற்று என்பதனை நம் மூத்தோரைக் கேட்டால் பெருமூச்சோடு சொல்வர். அதே சமயம், பஞ்ச காலத்தில் அது பல குடும்பங்களின் குழம்புச் சட்டியை நிரப்பியதையும் நாம் மறுப்பதற்கில்லை.

இந்த ஜிலேபி மீனின் குடும்பத்திற்குச் சிக்லிட் என்று பெயர். மத்திய அமெரிக்காவின் ஏரிகளிலிருந்து வந்து இன்று உலகெங்கும் கண்ணாடித் தொட்டிகளில் வாழும் வண்ண மீன்களும் இதே குடும்பத்தைச் சேர்ந்தவையே. அந்த உறவை அறியாமல் தொட்டி வாங்குவதால் வரும் இடரை ஒரு வீட்டில் நேரிற் கண்டேன்.

கீழக்கரையில் உறவினர் இல்லம். தலைவாசலில் இரண்டடி நீளத் தொட்டி. அதற்குள் கருப்பும் சாம்பலுமாய்ப் பட்டை போட்ட மீன்கள் இரண்டு. அக்காலத்துச் சிறைக் கைதிகளின் உடையைப் போலிருப்பதால் ஆங்கிலேயர் அதற்குக் கைதி மீன் என்று பெயரிட்டனர். பத்தாம் வகுப்புப் படிக்கும் பையன், வாப்பா துபையிலிருந்து அனுப்பிய பணத்தில் வாங்கியிருந்தான். உடன் வாங்கிய மற்ற மீன்கள் எட்டும் ஒவ்வொன்றாய் இறந்துபோக, இவை இரண்டும் மட்டும் கொழுத்து, ஐந்து மாதத்தில் மூன்று முறை குஞ்சு பொரித்துவிட்டன. நான் சென்ற அன்று குடும்பம் முழுவதும் விடுமுறைக்கு வாப்பாவிடம் புறப்படும் ஆயத்தத்தில் இருந்தது. வாசற்படியில் ஒரு வாளி. அதற்குள் விரல்நுனி அளவுக் குஞ்சுகள், எண்ணிப் பார்த்தால் நூற்றைம்பதுக்குக் குறையாது.

"ஊரணியிலே விட்டுட்டு வந்துர்றேன் மாமா. அதுகளும் பொழைச்சுக்கிடும்ல?" என்றான் பையன்.

"பாவம், அதுவும் உசுருதானே காக்கா," என்று அவன் உம்மாவும் என்னிடம் பரிந்து பேசினார்.

இரக்கத்தின் வழியாகவே பெரும் தவறுகள் சில நடக்கின்றன. வாளியை நகர்த்தி வைக்கச் சொல்லிவிட்டு, ஜிலேபி மீனின் கதையை அவ்விருவருக்கும் சொன்னேன். கைதி மீன் நம் ஊர் வெயிலைத் தாங்கும், கெட்டி நீரையும் தாங்கும், எதையும் தின்னும், பெற்றோர் இருவரும் காவல் காப்பதால் குஞ்சுகளில் பெரும்பங்கு பிழைக்கும். இத்தனை நற்குணங்களும் ஓர் ஊரணியில் சேர்ந்தால் அவ்வூரணியின் பழைய குடிகளுக்கு என்னவாகும்? தொட்டியைச் சுத்தம் செய்யுமென்று விற்கப்பட்ட கவச உடல் கொண்ட உறிஞ்சி மீன்கள் தமிழகத்து ஏரிகள் பலவற்றில் இன்று மீனவர் வலையைக் கிழித்துக்கொண்டிருப்பதற்கும், இப்படி யாரோ ஒருவர் இரக்கப்பட்டு வாளியைக் கவிழ்த்ததே காரணம். அப்பையன் எதிர்த்துப் பேசவில்லை. "அப்ப முதல்லயே யோசிச்சிருக்கணும்," என்றான்.

அந்த முதல் யோசனையைத்தான் உங்களுக்காக இங்கு எழுதுகிறேன்.

மத்திய அமெரிக்காவை வரைபடத்தில் பாருங்கள். இரு பெருங்கடல்களுக்கிடையே ஒடுங்கிய நிலம், ஏறத்தாழ நம் மண்டபத்தைப் பெரிதாக்கியது போல. அதன் நடுவில் நிகராகுவா ஏரி, சுமார் 8000 சதுர கிலோமீட்டர். பசிபிக் கடலுக்கு மிக அருகில் கிடந்தும் அதன் நீர் சான் உவான் ஆற்றின் வழியே எதிர்ப்புறக் கரீபியன் கடலைச் சென்றடைகிறது. அந்த ஆற்றின் வழியே சுறா மீன்கள் ஏரிக்குள் ஏறி வருவதும் உண்டு. அருகே எரிமலை வாய்களில் நீர் நிரம்பி உண்டான சிறு ஏரிகள். சுண்ணமும் எரிமலைக் கற்களும் கரைந்த அந்நீர் பெரும்பாலும் கெட்டியானது, காரத்தன்மை மிக்கது. பாறை இடுக்குகளே அங்கு மீன்களுக்கு வீடு. வீடு குறைவு, குடி அதிகம். ஆதலால் ஒவ்வோர் இணையும் தன் எல்லையைப் போரிட்டுக் காக்கப் பழகிவிட்டது. இம்மீன்களின் சண்டைக் குணம் கெட்ட குணமன்று. குஞ்சைக் காக்கும் குணத்தின் மறுபக்கம்.

இதனை அறிந்தபின் நம் வட்டாரத்தை நோக்குங்கள். சோப்பு நுரைக்காத தண்ணீர், பாத்திரத்தின் அடியில் வெள்ளைப் படிவம் என்று நம் தாய்மார்கள் தலைமுறை தலைமுறையாய்க் குறைப்பட்டுக்கொள்ளும் இராமநாதபுரத்துக் கிணற்று நீர், நிகராகுவா மீனுக்கு ஏறத்தாழ ஊர்த் தண்ணீர். வெளிநாட்டு மீன் நூல்கள் நீரைக் கெட்டியாக்கப் பக்கம் பக்கமாய் வழி சொல்லும். நமக்கு அவ்வேலை மிச்சம். ஆனால் ஓர் எச்சரிக்கை: கெட்டித்தன்மை வேறு, உவர்ப்பு வேறு. சுண்ணமும் மக்னீசியமும் மிகுந்த நீர் இம்மீன்களுக்கு நல்லது. நாவில் கரிக்கும் சோற்றுப்பு மிகுந்த நீர் நல்லதன்று. தண்ணீர் சுத்திகரிப்புக் கருவி பழுது பார்க்க வருபவர் கையில் வைத்திருக்கும் டி.டி.எஸ். மீட்டர் இரண்டையும் கூட்டித்தான் காட்டும், பிரித்துக் காட்டாது. வாயில் ஒரு மிடறு வைத்துப் பார்ப்பதே எளிய சோதனை. கரித்தால் காவிரிக் கூட்டுக் குடிநீரைப் பாதிக்குப் பாதி கலந்துகொள்ளலாம். குளோரின் கலந்த குழாய் நீராயின் ஓர் அகன்ற பாத்திரத்தில் ஒருநாள் முழுதும் திறந்து வைத்த பின்னரே ஊற்ற வேண்டும்.

கெட்டி நீரில் மறைந்துள்ள மற்றோர் அபாயத்தைப் பலரும் அறிவதில்லை. மீனின் கழிவிலிருந்து அம்மோனியா உண்டாகிறது. காரத்தன்மையைக் குறிக்கும் பி.எச். அளவு 7 ஆக உள்ள நீரில் அது பெரும்பாலும் தீங்கற்ற வடிவில் இருக்கும். அளவு 8 ஆனால் நஞ்சு வடிவம் ஏறத்தாழப் பத்து மடங்கு கூடிவிடும். எனவே நம் ஊரில் புதுத் தொட்டியில் அன்றே மீனை விடுவது, காற்றில்லா அறையில் பிள்ளையை அடைப்பதற்கு ஒப்பு. அம்மோனியாவை உண்டு தீங்கற்ற நைட்ரேட்டாக மாற்றும் நுண்ணுயிர்கள் தொட்டியில் குடியேற நான்கு முதல் ஆறு வாரங்கள் ஆகும். தொட்டியை நிரப்பி, காற்றுப் பம்பும் பஞ்சு வடிகட்டியும் ஓடவிட்டு, நாள்தோறும் சிறிதளவு மீன் தீனியைத் தூவி அழுகவிட்டுக் காத்திருங்கள். ஏற்கெனவே நன்கு நடக்கும் தொட்டியிலிருந்து பழைய பஞ்சு ஒன்றைக் கேட்டு வாங்கிப் போட்டால் காத்திருப்பு பாதியாகக் குறையும். கீழக்கரைப் பையனின் எட்டு மீன்கள் இறந்ததற்கு இந்தப் பொறுமையின்மையே பாதிக் காரணம். மீதிப் பாதி, தொட்டியின் அளவு.

ஓரிணைக் கைதி மீனுக்கு மூன்றடி நீளம், ஒன்றரை அடி அகலம், ஒன்றரை அடி உயரமுள்ள தொட்டியை நான் குறைந்த அளவாகச் சொல்வேன். அது சுமார் 190 லிட்டர் கொள்ளும். எட்டு மில்லிமீட்டர்க் கண்ணாடி வேண்டும். நீர், கண்ணாடி, கல், மணல் யாவும் சேர்ந்தால் கால் டன் எடை. ஆகையால் மாடி வராந்தாவிலோ ஆடும் மேசையிலோ வைக்க எண்ணாதீர்கள். கீழ்த்தளத்தில், சுவரோரம், இரும்புச் சட்டத்தின் மீது ஒட்டுப் பலகையும் மெல்லிய தெர்மாக்கோலும் விரித்து வையுங்கள். முற்றத்து வெயில் நேரே விழும் இடம் ஆகாது. இம்மீன்களுக்கு 25 முதல் 28 டிகிரி வெப்பம் உகந்தது. நம் சித்திரை வெயிலில் தொட்டி நீர் 32-ஐத் தொட்டுவிடும். வெப்பம் ஏற ஏற நீரில் கரைந்துள்ள உயிர்க்காற்று குறையும். மேல்மூடியை அகற்றி வலைச் சட்டம் போட்டு, நீர்ப்பரப்பின் மீது ஒரு சிறு மின்விசிறியைத் திருப்பி வைத்தால் இரண்டு மூன்று டிகிரி தணியும். மண்பானையில் நீர் குளிர்வது எப்படியோ அப்படியே. மின்தடைக்கு, பேட்டரியில் இயங்கும் சிறு காற்றுப் பம்பு ஒன்றை வாங்கி வையுங்கள், விலை அதிகமில்லை. வெளிநாட்டு நூல்களில் கண்டு நீர் சூடாக்கும் கருவி வாங்குவோரும் உண்டு. இராமநாதபுரத்தில் அதற்கு என்ன வேலை என்று எனக்கு விளங்கவில்லை.

வாரந்தோறும் கால்பங்கு நீரை மாற்ற வேண்டும். அதாவது மூன்று குடம். குடம் கணக்கில் தண்ணீரை விலைக்கு வாங்கும் ஊர்களில் வாழும் நாம் இக்கணக்கைக் கவனிக்காமல் இருக்க முடியாது. மாதம் பன்னிரண்டு குடத்தை மீனுக்கு ஒதுக்க இயலாத வீட்டார் தொட்டி வைக்காதிருப்பதே நலம். கோடையில் குடிநீருக்கு அலையும்போது முதலில் கைவிடப்படுவது அந்த மீன்களாகத்தான் இருக்கும். இயலுமாயின், தொட்டியிலிருந்து எடுக்கும் நீரைச் சாக்கடையில் கொட்டாமல் முருங்கைக்கும் தென்னைக்கும் ஊற்றுங்கள். நைட்ரேட் கலந்த அந்நீர் அவற்றுக்கு எருவாகும். இன்னொன்றும் சொல்ல வேண்டும். தொட்டியை விரும்பி வாங்குபவர் பிள்ளை. குடம் சுமப்பவர் உம்மா. ஆண்கள் சபரில் இருக்கும் வீடுகளில் இது இன்னும் உண்மை. ஆகவே தொட்டி வாங்குமுன் வீட்டுத் தலைவியின் சம்மதத்தைப் பெறுவது, மற்ற எந்தக் கருவியையும் விட முதன்மையானது.

தொட்டிக்குள் என்ன வைப்பது? இங்குதான் இராமேசுவரம் செல்வோர் இடறி விழுகின்றனர். மத்திய அமெரிக்க மீனுக்குப் பவளக்கல் நல்லது என்று அயல்நாட்டு நூல்கள் எழுதும். நம் கடற்கரையில் கால் வைத்த இடமெல்லாம் பவளத் துண்டுகள் ஒதுங்கிக் கிடக்கும். எடுத்துப் பையில் போட்டுக்கொள்ளத் தோன்றும். செய்யாதீர்கள். தூத்துக்குடி முதல் இராமேசுவரம் வரை நீளும் மன்னார் வளைகுடாவின் 21 தீவுகளையும் சூழ்ந்த கடல் 1986-இல் கடல்வாழ் தேசியப் பூங்காவாக அறிவிக்கப்பெற்றது. 2001-இல் பவளங்களும் கடற்குதிரையும் கடல் அட்டையும் புலிக்கு நிகரான சட்டப் பாதுகாப்பைப் பெற்றன. பவளம் உயிரற்ற துண்டானாலும் குற்றம் குற்றமே. சுண்ணாம்புக் காளவாய்களுக்காகப் பல்லாண்டுகள் பவளப் பாறைகளை வெட்டி எடுத்ததன் விளைவாக இத்தீவுகளில் இரண்டு கடலுக்குள் அமிழ்ந்துவிட்டன என்பதை எண்ணிப் பாருங்கள். கடற்கரை மணலும் உப்பேறியது, தொட்டிக்கு ஆகாது. கட்டட வேலைக்குச் சலித்த மணலை ஏழெட்டு முறை கழுவிப் பரப்பி, கருங்கல் துண்டுகளை அடித்தளக் கண்ணாடி மீதே நிறுத்தி, அதன் பிறகு மணலைச் சுற்றிலும் இடுங்கள். மணல் மேல் கல்லை அடுக்கினால், மீன் பறிக்கும் குழியில் கல் சரிந்து கண்ணாடி உடையும். பக்கவாட்டில் சாய்த்த இரண்டு மண்சட்டிகள் போதும், குகைக்கு.

மீன் தேர்வில் சுருக்கமாகச் சொல்லி முடிக்கிறேன். தொண்டையைச் சிவக்கச் சிவக்க விரித்துக் காட்டும் நெருப்புவாய் மீன் ஓரளவு சாது, தொடக்கக்காரர்க்கு ஏற்றது. 1919 முதல் 1926 வரை குத்துச்சண்டை உலக வாகையராயிருந்த ஜாக் டெம்ப்சியின் பெயர் தாங்கிய மீன் நாலடித் தொட்டி கேட்கும். மைடாஸ், ஜாகுவார் முதலியன ஓரடி வரை வளரும். ஆறடித் தொட்டியும் தனிமையும் வேண்டும். அவற்றை வீட்டில் வைப்பது எனக்கு உடன்பாடில்லை. நெற்றி புடைத்த பிளவர்ஹார்ன் மீனைப் பற்றி மலேசியாவில் தொழில் செய்யும் நம்மவர் நன்கறிவர். மத்திய அமெரிக்க மீன்கள் பலவற்றைக் கலந்து 1990-களில் அங்குதான் அதனை உருவாக்கினர். அதிர்ஷ்டம் தரும் என்று சொல்லி ஆயிரக்கணக்கில் விலை வைப்பர். அதிர்ஷ்டம் விற்பவருக்கு வருவதைப் பார்த்திருக்கிறேன். அக்கலப்பின ஆண்களில் பல மலடு. இனப்பெருக்கம் செய்ய எண்ணுவோர்க்கு உதவா.

இணை சேர்க்கும் முறை ஒன்றே ஒன்று. கடைக்காரர் பிடித்துத் தரும் ஓர் ஆணையும் ஒரு பெண்ணையும் வாங்கி அடைத்தால், ஒன்று மற்றதைக் கொல்லும். ஆறு இளங்குஞ்சுகளை வாங்கி ஒருங்கே வளருங்கள். சில மாதங்களில் இரண்டு தாமாகவே பிரிந்து ஒரு மூலையைப் பிடிக்கும். உடனே மற்ற நான்கையும் வேறு தொட்டிக்கு மாற்றிவிட வேண்டும். கைதி மீனில் பெண் சிறியது. வயிற்றில் ஆரஞ்சு நிறப் பூச்சு தெரியும். மண்சட்டியின் உட்புறத்தில் நூறு, இருநூறு முட்டைகளை ஒட்டும். தாய் விசிற, தந்தை எல்லையைக் காக்கும்; மூன்றாம் நாள் முட்டை பொரியும்; மேலும் ஐந்தாறு நாளில் குஞ்சுகள் மேகம் போலத் திரண்டு நீந்தும். மண்டபத்தில் கண்ட கோமாளி மீனின் குடும்பக் காட்சி உங்கள் தலைவாசலில். உப்பு நீரில் பொரிக்க வைத்த ஆர்ட்டீமியாவை முதல் உணவாகக் கொடுங்கள். அந்தி சாய்ந்ததும் தாய் மீன் குஞ்சுகளை வாயால் கவ்விக் குழிக்குள் துப்பிப் படுக்க வைப்பதைப் பிள்ளைகளோடு அமர்ந்து பாருங்கள். மஃரிபுக்குப் பின் தொலைக்காட்சி தேவைப்படாது.

அதற்கு மறுமாதம்? மீண்டும் இருநூறு. கடைக்காரர் வாங்கமாட்டார், கைதி மீன் மலிவு. ஆகவே முதல் குஞ்சு பொரிக்குமுன்பே அதற்கு வழி தீர்மானித்திருக்க வேண்டும். ஒரே ஒரு முறை பொரித்துப் பார்த்த பின் ஆண் பெண்ணைத் தனித்தனியே வைப்பது ஒரு வழி.

மற்றொரு வழியே எனக்கு உகப்பானது. சிக்லிட் குடும்பத்தில் நம் நாட்டுக்கே உரிய மீன்கள் மூன்று உண்டு. கேரளத்தார் கரிமீன் என்று போற்றி, 2010-இல் மாநில மீனாகவே அறிவித்துக்கொண்டது ஒன்று. விரல் நீளமே வளரும் மஞ்சள் நிறக் குறுமீன் இன்னொன்று. மலையாளத்தில் பள்ளத்தி என்பர். கடைகளில் ஆரஞ்சு குரோமைடு என்று கேட்டால் தருவர். முகத்துவாரங்களின் உவர்நீரில் வாழப் பிறந்த இம்மீனுக்கு நம் ஊர்க் கரிக்கும் கிணற்று நீரும் பொருந்தும். காவிரி நீர் கலக்கும் வேலையும் இல்லை. இதன் குஞ்சுகள் தாய் தந்தையரின் உடலில் ஊறும் வழவழப்பை மெல்லக் கொறித்து உண்டு வளர்கின்றன. பாலூட்டாத உயிரினத்தில் பாலூட்டலுக்கு நெருங்கிய செயல் அது. மத்திய அமெரிக்க மைடாஸ் மீனை வாழ்நாளெல்லாம் ஆராய்ந்த அமெரிக்க அறிஞர் ஜார்ஜ் பார்லோவே இந்தச் சிறுமீனின் குஞ்சுகளையும் தொட்டியருகே அமர்ந்து ஆராய்ந்து எழுதியிருக்கிறார். இன்னும் ஒரு புதுமை: கரிமீனின் உடலில் ஒட்டும் ஒட்டுண்ணிகளைக் கொத்தித் துப்புரவு செய்யும் பணியையும் இக்குறுமீன் செய்கிறது. அவரைப் போன்றோர் கடல் கடந்து தேடிய மீனை நாம் கேட்டறியாமல், நிகராகுவா மீனுக்கு விலை கேட்டு நிற்கிறோம்.

மண்டபத்திலிருந்து மேலும் செல்ல நேரமிருப்பின் தனுஷ்கோடி வரை போய் வாருங்கள். 1964 டிசம்பர்ப் புயலில் அழிந்த ஊரின் இடிந்த சுவர்களைத் தாண்டி, மணலில் கையால் பறித்த ஊற்றில் மீனவப் பெண்கள் குடிநீர் முகப்பதைக் காணலாம். இருபுறமும் கடல் இருக்க, மழை நீர் உவர்நீரின் மேல் மிதந்து மணலுக்குள் தங்கியிருக்கிறது. ஒரு சிரட்டை நீரின் அருமை அங்கு நன்கு விளங்கும்.

கீழக்கரை வாளியின் கதையை முடிக்கவில்லையே என்பீர்கள். பயணத்துக்கு இடையில் இரண்டு நாளே இருந்தன. பையன் தன் வகுப்புத் தோழர் வீடுகளுக்கு அலைந்து, தொட்டி வைத்திருந்த பதினொரு பேரிடம் ஐந்தைந்தாய்க் கொடுத்தான். ஊரணியிலோ கண்மாயிலோ விடுவதில்லையென்று ஒவ்வொருவரிடமும் வாக்கு வாங்கிக்கொண்டான். எஞ்சியவற்றையும் தாய் தந்தையரையும் மொட்டை மாடியின் பழைய சிமெண்டுத் தொட்டிக்கு மாற்றி, பக்கத்து வீட்டு ராத்தாவிடம் தீனிப் பொட்டலத்தை ஒப்படைத்தனர். திரும்பி வந்தபோது ஏழு மீன்களே இருந்தன. பூனையா, கொக்கா என்று தெரியவில்லை. இரண்டடித் தொட்டியை விற்றுவிட்டு, மூன்றடித் தொட்டிக்குக் கண்ணாடிக் கடையில் அளவு கொடுத்திருப்பதாகச் சென்ற வாரம் கடிதம் எழுதியிருந்தான். பஞ்சு வடிகட்டி ஓடி நான்காவது வாரமாம். மஞ்சள் குறுமீன் ஆறு கிடைக்குமா என்று கேட்டிருக்கிறான்.